கணைய அறுவைக்குப் பின் வரும் அபூர்வக் கிருமிகள்

இரைப்பைக்குப் பின்புறத்தில், முதுகெலும்பை ஒட்டினாற்போல், குறுக்காகப் படுத்துக் கிடக்கும் உறுப்பு கணையம். அதன் நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். எடை சுமார் 100 கிராம். இருதயத்தைப்போல் அது துடித்துக் காட்டுவதில்லை. நுரையீரலைப்போல் ஏறி இறங்குவதும் இல்லை. ஆகவே, நோய் வரும்வரை அப்படி ஓர் உறுப்பு நம்முள் இருப்பதையே நாம் நினைப்பதில்லை. ஆனால் அதில் ஒருமுறை கத்தி பட்டுவிட்டால், பிறகு அதை மறந்திருக்க இயலாது. கணையத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, முக்கியமாக ஊரைவிட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்களுக்கு, பின்னர் நேரக்கூடிய கிருமித் தொல்லைகள் யாவை, அவற்றுள் அபூர்வமானவை எவை, அவற்றை எவ்வாறு அறிந்து விலக்கலாம் என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

கணையத்திற்குத் தொழில் இரண்டு. முதலாவது, இன்சுலின் முதலிய சுரப்புக்களை இரத்தத்தில் கலந்து, சர்க்கரையின் அளவை ஒழுங்குபடுத்துவது. 1921ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோரின் ஆராய்ச்சியால் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டதை நேயர்கள் அறிவர். இரண்டாவது தொழில், நாள்தோறும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் செரிமான நீரைச் சிறுகுடலுக்கு அனுப்புவது. மாவுப் பொருளையும் கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும் ஆற்றல் இந்நீருக்கு உண்டு. புரதத்தைக் கரைக்கும் நீர், புரதத்தாலேயே ஆகிய கணையத்தைக் கரைக்காமல் விடுவது எங்ஙனம் என்னும் ஐயம் எழலாம். புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் கணையத்தினுள் இருக்கும்போது உறையிலிட்ட வாளைப்போல் செயலற்று இருக்கின்றன. சிறுகுடலை அடைந்து, அங்குள்ள வேறொரு நொதியின் தொடர்பு ஏற்பட்ட பின்னரே அவ்வாள் உறையிலிருந்து வெளிவருகிறது. இயற்கையின் இவ்வேற்பாடு குலையும்போதுதான் துன்பம் தொடங்குகிறது.

கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் தோன்றினால், அப்பகுதியை அகற்றுவதே முதன்மையான சிகிச்சை. ஜெர்மானிய அறுவை மருத்துவர் வால்டர் கௌஷ் 1909இல் இம்முயற்சியில் வெற்றி கண்டார். 1935இல் அமெரிக்க மருத்துவர் ஆலன் விப்பிள் தம் முறையை விவரித்து வெளியிட்டார்; இன்றும் அவ்வறுவை அவர் பெயராலேயே வழங்குகிறது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி, சில வேளைகளில் இரைப்பையின் ஒரு பகுதி ஆகியவை இதில் அகற்றப்படுகின்றன. பின்னர், எஞ்சிய கணையம், பித்தநாளம், இரைப்பை ஆகிய மூன்றையும் தனித்தனியே சிறுகுடலுடன் இணைத்துத் தைக்கிறார்கள். ஒரு காலத்தில் இவ்வறுவையில் நால்வரில் ஒருவர் வரை உயிரிழந்தனர். இந்நாளில், இதனை அடிக்கடி செய்து பழகிய மருத்துவமனைகளில் உயிரிழப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆயினும், ஏதேனும் ஒரு சிக்கலுக்கு உள்ளாவோர் இன்றும் நூற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்டவரே.

அச்சிக்கல்களுள் தலையாயது கணையப் புரை. கணையமோ பஞ்சுபோல் மென்மையானது. அதைக் குடலோடு தைத்த இடத்தில் தையல் சிறிது விட்டுக்கொடுத்தாலும் செரிமான நீர் வயிற்றறைக்குள் கசிந்துவிடும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, 'புரை' என்னும் தமிழ்ச் சொல்லின் பொருத்தம் வியப்பளிக்கிறது. உள்ளே துளைத்துக்கொண்டு போகும் குழிப்புண்ணைப் 'புரையோடிய புண்' என்று நம் கிராமத்துப் பாட்டிமாரும் சொல்வர். வெளியே சிறிதாகத் தோன்றி உள்ளே நெடுந்தூரம் செல்வது அதன் இயல்பு. கணையப் புரையும் அத்தகையதே. அறுவைக்குப் பின் மூன்றாம் நாளோ, அதற்குப் பின்னரோ, வடிகுழாயில் வரும் நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி, இரத்தத்தில் இருக்கத்தக்க மேல் அளவைப்போல் மூன்று மடங்குக்கு அதிகமாக இருப்பின், கசிவு உண்டு என்று கொள்ளுகிறார்கள். அதனால் நோயாளிக்கு உண்மையான கேடு நேரும்போதே அதைப் புரை என்று கூறவேண்டும் என 2016இல் அனைத்துலக மருத்துவர் குழு வரையறை செய்தது.

கசிந்த நீர் தேங்கினால் அது கிருமிகளுக்கு விருந்து. உடல்நலத்தோடு இருக்கும் ஒருவரின் கணையத்திலோ பித்தத்திலோ சாதாரணமாகக் கிருமிகள் இருப்பதில்லை. பித்தநாளம் குடலுக்குள் திறக்கும் வாயில் ஒரு வளையத்தசை காவல் இருக்கிறது. குடலுக்குள் கோடிக்கணக்கில் வாழும் கிருமிகள் மேலேறாதவாறு அது தடுக்கிறது. கணையத் தலையின் கட்டி பித்தநாளத்தை நெருக்கினால் காமாலை காண்கிறது. அதைத் தணிக்க, அறுவைக்கு முன்னரே ஸ்டென்ட் எனப்படும் சிறு குழாயை நாளத்தினுள் பொருத்துவது உண்டு. காமாலை தணிகிறது, ஆனால் காவற்காரனின் கதவோ திறந்தபடி நின்றுவிடுகிறது. குடற்கிருமிகள் அவ்வழியே ஏறிப் பித்தத்தில் குடியேறுகின்றன. அறுவையின்போது அப்பித்தம் வயிற்றறையில் சிந்துகிறது.

இதன் விளைவை நெதர்லாந்து மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. காமாலையுடன் வந்த சுமார் 200 நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு உடனே அறுவை செய்தனர். மற்றவர்களுக்கு முதலில் குழாய் பொருத்திப் பல வாரங்கள் கழித்து அறுவை செய்தனர். கடுமையான சிக்கல்கள் முன்னவரில் நூற்றுக்கு 39 பேருக்கும், பின்னவரில் நூற்றுக்கு 74 பேருக்கும் நேர்ந்தன. ஆதலின் குழாய் எப்போதும் தீது என்று கொள்ளற்க. காமாலை மிக முற்றியவர்க்கும், பித்தநாளத்தில் சீழ் பிடித்தவர்க்கும் அதுவே உயிர் காக்கும். தேவை உள்ளவர்க்கே அது பொருத்தப்பட வேண்டும் என்பதே கருத்து.

வழக்கமாக வருபவை ஈ.கோலி, கிளெப்சியெல்லா, எண்டரோபாக்டர், எண்டரோகாக்கஸ் ஆகிய குடற்கிருமிகள். இவற்றுள் எண்டரோகாக்கஸ் ஒரு தனி வகை. அறுவைக்கு முன் தடுப்பாகப் போடும் செஃபலோஸ்போரின் இன மருந்துகள் அதனிடம் இயல்பாகவே பலிப்பதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 26 மருத்துவமனைகளில், 778 நோயாளிகளிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வின மருந்தொன்றைப் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 33 பேருக்கு அறுவைப் பகுதியில் சீழ் பிடித்தது. பைப்பராசிலின்-டாசோபாக்டம் என்னும் அகன்ற வீச்சுடைய மருந்தைப் பெற்றவர்களில் அது நூற்றுக்கு 20 ஆகக் குறைந்தது. எக்கிருமி வரும் என்று முன்னதாகவே அறிந்து மருந்து தேர்வதன் அருமை இதனால் விளங்கும்.

இனி, அபூர்வக் கிருமிகளுக்கு வருவோம்.

முதலாவதாகக் குறிப்பிடத்தக்கது மெலியாய்டோசிஸ் என்னும் நோயை விளைக்கும் பர்கோல்டேரியா சூடோமல்லை. இதன் வரலாறு நம் அண்டை நாட்டில் தொடங்குகிறது. 1911ஆம் ஆண்டில் இரங்கூன் நகரில் ஆல்பிரட் விட்மோர் என்பவரும், அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமி என்பவரும் இறந்த ஏழை நோயாளிகளின் உடல்களைச் சோதித்தபோது, அதுவரை எவரும் விவரிக்காத இந்நோயைக் கண்டுபிடித்தனர். அடுத்த ஆண்டே அதை மருத்துவ உலகிற்கு அறிவித்தனர். இக்கிருமி வாழுமிடம் மருத்துவமனையன்று, ஈரமண். நெல்வயலின் சேற்றிலும் தேங்கிய நீரிலும் அது வாழ்கிறது. காலின் வெடிப்பு, கையின் கீறல் ஆகியவற்றின் வழியாகவும், நீரின் வழியாகவும், மழைக்காலத்துச் சூறைக்காற்றில் மூச்சின் வழியாகவும் உடலுக்குள் புகுகிறது. வேலூர், மணிப்பால் ஆகிய இடங்களின் மருத்துவர்கள் தென்னிந்தியாவில் இந்நோய் பரவலாக இருப்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

கணைய அறுவைக்கும் வயற்சேற்றுக் கிருமிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நீரிழிவு. மெலியாய்டோசிஸுக்கு ஆளாவோரிடம் காணப்படும் குறைகளுள் முதலிடம் பெறுவது நீரிழிவே. கணையத்தின் பெரும்பகுதியை அகற்றியவர்க்கு இன்சுலின் குறைந்து நீரிழிவு வருவதும் இயல்பே. முன்னரே நீரிழிவு உள்ளவர்க்கு அது கடுமையாகும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் இக்கிருமி, மிக அரிதாகக் கணையத்திலும் அவ்வாறு செய்வதுண்டு. பெரும்பாலோர்க்குக் கிருமி புகுந்த சில வாரங்களுக்குள் நோய் வெளிப்படும். சிலரிடத்திலோ அது ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து, உடல் தளரும் சமயத்தில் தலைதூக்குகிறது. 62 ஆண்டுகள் ஒளிந்திருந்து வெளிப்பட்டதாகப் பதிவு உண்டு. கல்கத்தாவிலோ டில்லியிலோ வாழும் ஒருவர், இளமையில் தஞ்சை மாவட்டத்து வயலில் இறங்கி உழைத்தவர் என்பதையோ, சென்ற ஐப்பசியில் ஊருக்குப் போய் நடவைக் கவனித்து வந்தார் என்பதையோ மருத்துவரிடம் சொன்னாலன்றி, அவருக்கு இந்நோயின் நினைவு வராமற்போகலாம். பரிசோதனைச் சாலையிலும் இக்கிருமியை வேறொரு சாதாரணக் கிருமியாகக் கருதி ஒதுக்கிவிடுவது உண்டு.

தவறி விடுவதன் விலையோ பெரிது. பொதுவாகப் பயன்படும் ஜென்டாமைசின் முதலிய மருந்துகள் இதனிடம் செல்லா. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் மருந்தைக் குறைந்தது இரண்டு வாரம் இரத்தக்குழாய் வழியே செலுத்த வேண்டும். ஆழத்தில் சீழ்க்கட்டி இருப்பின் அதனினும் நீண்ட காலம் வேண்டும். அதன் பின்னர் மூன்று மாதமேனும் மாத்திரை உண்ண வேண்டும். சுரம் நின்றதே என்று இடையில் நிறுத்தினால் நோய் மீளும்.

இரண்டாவது, காசநோய்க் கிருமியும் அதன் உறவினங்களும். 1882இல் இராபர்ட் கோக் கண்டுபிடித்த காசநோய்க் கிருமி நுரையீரலை மட்டுமே தாக்குவது என்று எண்ணுவோர் பலர். அபூர்வமாக அது கணையத்திலும் தங்கிக் கட்டியாகிறது. படத்தில் அது புற்றுநோயைப்போலவே தோன்றும். புற்று என்று கருதி அறுவை செய்து, அகற்றிய தசையை நுண்நோக்காடியில் பார்த்தபோது காசம் என்று தெரிந்த நிகழ்ச்சிகள் இந்நாட்டில் உண்டு. கத்தியின்றி, மாதக்கணக்கான மருந்தினாலேயே தீரக்கூடிய நோய் அது. அறுவைக்கு முன் ஊசியால் சிறிது தசை எடுத்துச் சோதிக்க இயலுமா என்று மருத்துவரைக் கேட்பது இதனால் தகும்.

இவ்வுறவினங்களுள் விரைந்து வளரும் மைக்கோபாக்டீரியாக்கள் என ஒரு சாரார் உளர். நீரிலும் மண்ணிலும் வாழும் இவை, சிறு துளைகளின் வழியே கருவி செலுத்திச் செய்யும் அறுவைக்குப் பிறகு, அத்துளைகளின் தழும்பில் தோன்றுகின்றன. கருவிகளைச் சரிவரக் கிருமி நீக்காமையும், கழுவிய நீர் தூயதாய் இல்லாமையும் இதற்குக் காரணம். புண் நன்றாக ஆறிவிடும்; நோயாளி வீடு திரும்பிவிடுவார். ஏறக்குறைய ஒரு மாதம் சென்றபின் தழும்பில் சிறு முடிச்சு எழும்பி நீர் கசியத் தொடங்கும். பெரும்பாலும் சுரம் இராது. வழக்கமான மருந்துகளால் அது ஆறாது. சீழைச் சாதாரண முறையில் வளர்த்துப் பார்த்தால் கிருமியே இல்லையென்று அறிக்கை வருவதும் உண்டு. காசக்கிருமிகளுக்கு உரிய சாயமும் வளர்ப்புச் சோதனையும் செய்தால்தான் உண்மை புலப்படும்.

மூன்றாவது வகையைக் கிருமியால் அபூர்வமென்று சொல்ல இயலாது. குணத்தால் அபூர்வமாயிருந்து, இப்போது வழக்கமாகி வருவது அது. பழைய கிளெப்சியெல்லாவே, கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையும் சிதைக்கும் நொதியைப் பெற்றுவிட்டது. 2009இல் விவரிக்கப்பட்ட அத்தகைய நொதியொன்றிற்கு நம் தலைநகரின் பெயரையே சூட்டியது பெரும் சர்ச்சையை விளைத்தது. பெயரைப் பற்றிய வழக்கு எப்படியாயினும், நோய்க்குக் காரணம் நம் கைகளிலும் இருக்கிறது. சளிக்கும் வயிற்றுப்போக்கிற்கும் கடையில் கேட்டு வாங்கி, இரண்டு வேளை விழுங்கி நிறுத்தும் ஒவ்வொரு மாத்திரையும் நம் குடற்கிருமிகளுக்குப் பயிற்சி அளிக்கிறது. அறுவை மேசையில் அக்கிருமிகளே நம்மை எதிர்கொள்ளுகின்றன. சில முக்கியமான ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சீட்டின்றி விற்பதைத் தடுத்து, விற்பனையை ஏட்டில் பதியுமாறு வகுத்த விதி 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதியைவிட வலியது நம் கட்டுப்பாடே.

நான்காவது, பலரும் அறியாத ஓர் ஆபத்து. கணையத்தின் வால்பகுதியை அகற்றும்போது, அதை ஒட்டியுள்ள மண்ணீரலையும் பல வேளைகளில் அகற்ற நேரிடுகிறது. சில வகைக் கிருமிகளை இரத்தத்திலிருந்து வடித்தெடுப்பது மண்ணீரலின் வேலை. அஃது இல்லாதவரிடம் நியூமோகாக்கஸ் போன்ற கிருமி புகுந்தால், காலையில் குளிர்சுரமாகத் தொடங்கியது இரவுக்குள் உயிருக்கு உலையாகலாம். நாய்க்கடியின் வழியே வரும் கேப்னோசைட்டோபேகா என்னும் அபூர்வக் கிருமியும் இத்தகையோரையே முதன்மையாகக் கொல்லுகிறது. இவ்வபாயம் ஆயுள் முழுதும் தொடர்வது. எனவே தடுப்பூசிகளை அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவும், முன்னதாக முடியாவிடில் அறுவைக்கு இரண்டு வாரம் பின்னதாகவும் போட்டுக்கொள்ளுதல் முறை. மண்ணீரல் அகற்றப்பட்டதைக் குறிக்கும் சிறு அட்டையொன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பது நலம். ஊர் தெரியாத ஊரில் மயங்கி விழுந்தால், அவ்வட்டையே நமக்காகப் பேசும்.

இத்தனை கிருமிகளையும் அடையாளம் காண மருத்துவர் மேற்கொள்ளும் வழி ஒன்றே: சந்தேகித்தல், படம் பிடித்தல், சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தல். சி.டி. படத்தில் தேங்கிய நீரும், அதனுள் காற்றுக் குமிழிகளும் தெரிந்தால் கிருமி சேர்ந்திருக்கலாம் என்று ஐயுறுவர். படத்தின் துணைகொண்டு தோலின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் சீழை வடிப்பர். மருந்து எத்துணை உயர்ந்ததாயினும், தேங்கிய சீழை வடிக்காமல் அது முழுப் பயன் தராது. நெதர்லாந்தின் 17 மருத்துவமனைகளில் கணைய அறுவை செய்துகொண்ட 1,700க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. நாள்தோறும் குறிகளைக் கணக்கிட்டு, சிறிது ஐயம் எழுந்தாலும் உடனே படம் எடுத்து, உடனே குழாய் வைத்து, தக்க மருந்து கொடுத்த காலத்தில், பெரும் இரத்தப்போக்கு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் ஆகியவற்றுள் ஒன்றுக்கு ஆளானோர் நூற்றுக்கு 14 என்பதிலிருந்து 8 ஆகக் குறைந்தனர். புதிய மருந்து ஏதும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. காலத்தே கவனித்ததே அதன் பயன்.

அக்கவனிப்பில் நோயாளியின் குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு. வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு அது சற்றுக் கூடுதலான பங்கு. வங்காளியிலோ மராத்தியிலோ இந்தியிலோ காய்கறி வாங்கப் பழகிவிட்ட நமக்கு, அடிவயிற்றில் எழும் வலியின் தன்மையை அம்மொழியில் விவரிக்க வருவதில்லை. 'பிடித்து இழுக்கிறது', 'குத்துகிறது', 'கனக்கிறது' என்று நாம் வேறுபடுத்திச் சொல்வதெல்லாம், மொழிபெயர்ப்பில் வெறும் 'வலி' ஆகிவிடுகிறது. ஆகவே அம்மொழியை நன்கறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்க. சுரம் கண்ட நாள், அளவு, வடிகுழாயில் வந்த நீரின் அளவு, நிறம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைக்க. எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

மருத்துவமனையிலிருந்து விடைபெறும்போது விடுவிப்புக் குறிப்போடு, எந்தப் பகுதி அகற்றப்பட்டது, மண்ணீரல் உள்ளதா, ஸ்டென்ட் இன்னும் உள்ளே இருக்கிறதா, இருந்தால் எப்போது எடுக்க வேண்டும், எக்கிருமி வளர்ந்தது, அதற்கு எம்மருந்து பலித்தது என்னும் விவரங்களையும் எழுத்தில் கேட்டுப் பெறுக. ஓய்வுக்காகத் தமிழ்நாட்டுக்குச் செல்வோர் அத்தாள்களைப் பெட்டியில் முதலில் வைக்க வேண்டும். ஒரு மாநிலத்து மருத்துவர் அறிந்ததை மற்றொரு மாநிலத்து மருத்துவருக்குக் கொண்டு செல்லும் தூதுவர் நாமே.

சொந்த ஊரில், வயலிலோ தோட்டத்திலோ, நீரிழிவுள்ளவர்கள் வெறுங்காலுடன் சேற்றில் இறங்கற்க. கீறல் பட்டால் சோப்பிட்டுக் கழுவி மூடுக. அறுவைக்குப் பின் எத்தனை காலம் ஆயினும், குளிர்சுரம், கண்ணில் மஞ்சள், ஓயாத வாந்தி, பெருகும் வயிற்றுவலி, தழும்பில் புதிய முடிச்சு ஆகியவற்றுள் எது தோன்றினும் காத்திராது மருத்துவரை அணுகுக. வடிகுழாயில் சிறிதளவு இரத்தம் தோன்றுவது மிக முக்கியமான எச்சரிக்கை. கசியும் கணைய நீர் அருகிலுள்ள இரத்தக்குழாயின் சுவரை அரித்திருக்கலாம். அச்சிறு கசிவு நின்றுவிட்டதென்று ஆறுதல் கொள்ளற்க. சில மணி நேரத்தில் பெரும்போக்கு தொடரக்கூடும். அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அபூர்வக் கிருமி என்பது மருத்துவர் அரிதாகக் காண்பது என்று மட்டுமே பொருள்படும். அதற்கு ஆளான ஒருவருக்கு அது முழு நோயேயாகும். அதை வெல்ல அரிய மருந்து தேவைப்படுவது சில வேளைகளில்தான். பெரும்பாலும் தேவைப்படுவது, நோயாளி எங்கிருந்து வந்தார், என்ன தொழில் செய்தார், எந்த மண்ணில் நடந்தார் என்னும் செய்தியே. அச்செய்தியைத் தர வல்லவர் நோயாளியும் அவருடைய உறவினருமே. மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், பிறந்த ஊரையும் செய்த தொழிலையும் நாமே முன்வந்து கூறுவோமாக.